பம்பளிமாஸ் சாறும் உன் கிட்னியும்

அன்பு மகள் நுஸைபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நீ கொடுத்த கிட்னியும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கே நீயும் மருமகனும் பேரனும் நலமாயிருக்க துஆ கேட்கிறேன். போனில் பேசலாம் என்றால் உன் வாப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நல்லாருக்கு என்று அவரே முடித்துவிடுகிறார், அதனால்தான் இதை எழுதி லீவு முடிந்து துபாய்க்குத் திரும்பும் நம் தெரு அஹமது கபீரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. உன் கிட்னியை என் உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடுகிற மாத்திரையே பிரஷரையும் கொழுப்பையும் ஏற்றி ரத்தக்குழாயைக் கெடுக்குமாம், உப்பைக் குறைங்க, தினம் நடங்க என்று நோன்புக்கு முன்னால் டாக்டர் சொன்னார். மாத்திரையை விட்டால் கிட்னி போய்விடும், போட்டால் குழாய் கெடும், இப்படி இரண்டு பக்கமும் கதவைச் சாத்தினால் மனுஷி எங்கே போவாள், நீயே சொல். இதைப் பக்கத்து வீட்டு சைத்தூன் பீவியிடம் புலம்பியதுதான் வினை. நோன்பு வைக்க முடியாமல் நான் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் பேராவூரணித் தோப்பிலிருந்து பம்பளிமாஸ் வரவழைத்து, இது குழாய் அடைப்பையெல்லாம் எடுத்துடும் லாத்தா, எங்களோட சேந்து நோன்பு திறக்குற மாதிரி குடிங்க என்று தினமும் மக்ரிபுக்கு ஒரு டம்ளர் சாறு அனுப்பினாள். உப்பில்லாத கஞ்சி குடித்துச் செத்துப்போன நாக்கு, விடுமா? கொஞ்ச நாளில் கை நடுங்கியது, மண்டை வலித்தது, பிரஷர் எகிறிவிட்டது. தஞ்சாவூருக்கு ஓடி ரத்தம் பார்த்தால் மாத்திரையின் அளவு இரண்டு மடங்காக ஏறிக் கிடக்கிறது. அந்தப் பழம் மாத்திரையை உடம்பிலேயே தேக்கிவிடுமாம். குழாயைக் காப்பாத்துறேன்னு கிட்னிக்கே உலை வச்சுட்டீங்களேம்மா என்று டாக்டர் போட்ட சத்தத்தில் உன் வாப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது அளவு இறங்கிவிட்டது. ஆனால் என் கதி? பழம் கூடாது, கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, நோய் தொற்றிக்கொள்ளுமாம், கூட்டமும் கூடாது. பெண்களெல்லாம் தராவீஹ் தொழச் சேர்ந்து போகும்போது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காலையும் மாலையும் உன் வாப்பா பிரஷர் பட்டையோடு வந்துவிடுகிறார், ஜெயிலில் ஆள் எண்ணுவது போல. சைத்தூன் பீவி பாவம், என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு வாசலோடு போய்விடுகிறாள். மூச்சு முட்டுகிறது நுஸைபா, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். என் சாமான் உங்ககிட்ட இருக்கு உம்மா, ஒழுங்கா பாத்துக்குங்க என்று நீ சிரிப்பாய். நீ நம்பி ஒப்படைத்த அமானிதம்தான், ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் ஒரு வேளை மாத்திரையும் விட்டதில்லை.

என்னைக் காவல் காக்க ஒரு வீடே இருக்கிறது. ஒற்றைக் கிட்னியோடு இருக்கிற உன்னை யார் பார்க்கிறார்கள்? வருஷா வருஷம் பிரஷரும் ரத்தமும் பார்க்கச் சொன்னார்களே, பார்த்தியாடி என்று கேட்கும்போதெல்லாம் நெட்டு சரியில்லை உம்மா என்கிறாய். நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியாதா? முடிவாகச் சொல்கிறேன், உன் பிரஷர் அளவு வாட்ஸ்அப்பில் வருகிறவரை இந்தக் கையில் பட்டையைச் சுற்ற விடமாட்டேன். உன் வாப்பா கத்தட்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஸலாமத்தும் தருவானாக. மருமகனுக்கு ஸலாம், பேரனுக்கு முத்தம். மறக்காதே, நாளைக்கே போய்ப் பார்.

கையை நீட்டாமல் காத்திருக்கும்,
உன் உம்மா ஷம்சாத்
அதிராம்பட்டினம்