மாட்டுக்கு ஏறிய கூலி

அம்மாவுக்கும் நைனாவுக்கும் உத்திரமேரூரிலிருந்து ஞானதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் ரைஸ்மில் முதலாளியின் வண்டிமாட்டுக்கு நேற்று முதல் பருத்திக்கொட்டை அரைப்படி கூட்டப்பட்டுள்ளது. அறுப்புக் காலத்தில் பாரம் அதிகமாம். நான் சுகம். நைனாவுக்கு இருமல் நின்றதா?

அந்தப் பாரத்தை இறக்கும் எங்களுக்குக் கூலி ஏறவில்லை, முதுகில் மூட்டைதான் ஏறுகிறது. கொதிக்கும் களத்தில் நாளெல்லாம் நெல் துழாவும் செங்கேணி அக்கா வீட்டில், வாங்கும் கூலிக்கு ஒருவேளைதான் உலை வைக்கிறார்கள். வயிறு நிறைந்தால்தான் உழைப்பு வரும் என்பது மாட்டைப் பார்த்தால் முதலாளிக்குத் தெரிகிறது, ஆளைப் பார்த்தால் தெரியவில்லை.

நேற்று எல்லோரும் போய்க் கூலியை ஏற்றச் சொல்லிக் கேட்டோம். நெய்ச்சோற்று ஏப்பம் விட்டுக்கொண்டே, "மாட்டுக்கு ஏத்துனா ஒயைக்கும். உங்களுக்கு ஏத்துனா குட்ச்சிட்டுக் கெடப்பீங்க" என்றார்.

"மதுவிலக்கு வந்து எம்மா வருசமாச்சி மொதலாளி. எங்க விக்கிதுன்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிகீது" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். களமே சிரித்தது.

"நாளைலேந்து வேலைக்கி வராத" என்றார்.

இங்கே பனி அதிகம். ஒரு போர்வை அனுப்புங்கள். நைனா போர்த்தியதாக இருந்தால் நல்லது, துவைக்க வேண்டாம்.

மில் சங்கு ஊதுகிறது, நான் ஓட வேண்டும். அழாதீர்கள் அம்மா, என் வேலை இருக்கிறது. கேட்டது நான் இல்லை, செங்கேணி அக்கா. இன்று களத்தில் அவர் இல்லை. நான் மூட்டைக்குப் பின்னால் நின்று சத்தம் வராமல் சிரித்தவன்.

ஞானதாஸ்