மலைக்குச் சொல்லாத தேதி

இன்று காலை கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. உன் மகன் பெயரைச் சொல்லி, "அவங்க அம்மாங்களா பேசறது?" என்று ஒரு பெண் கேட்டாள். அங்கே உன் பெயருக்குக் கீழே இன்னமும் என் நம்பர்தான் இருக்கிறது. நீ காய்ச்சலில் போய் இரண்டு வருஷமாகிறது, தங்கச்சி.

அந்த ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில்தான் நாம் பழகினோம். இருவருக்குமே உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த பிள்ளைகள். உன் மகன் என் மகளைவிட ஒன்றரை வயது மூத்தவன். உதட்டைத் தைத்து அண்ணத்தை மூடியதும் எல்லாம் முடிந்தது என்று நான் கோயிலில் பொங்கல் வைத்தேன். நீதான் டாக்டரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். "கோரைப்பல் இறங்கறதுக்குள்ள ஈறுல இருக்கற பிளவுல எலும்பு வைக்கணும்மா. இடுப்புலருந்து கொஞ்சம் எடுத்து வைப்போம். லேட்டானா பல்லு நிக்காது" என்றார். பஸ்ஸில் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாய்.

கல்வராயன் மலையில் உங்கள் ஊருக்கு அப்போது சிக்னல் கிடையாது. தேதி சொல்லும் போன் எனக்கு வரும். கச்சிராயபாளையத்தில் நிற்கும் மலை பஸ் கண்டக்டரிடம் நான் சொல்லிவிடுவேன். மறுநாள் முதல் பஸ்ஸில் நீ மகனோடு இறங்கிவிடுவாய்.

உன் மகனுக்குப் பத்து வயது முடிந்த அந்தத் தை மாதமும் போன் வந்தது. அடுத்த திங்கள் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். அதே வாரம் கரும்பை வெட்டி அனுப்பச் சொல்லிச் சர்க்கரை ஆலையிலிருந்து எங்களுக்குக் கட்டிங் ஆர்டர். அதை விட்டால் கரும்பு காய்ந்து நிற்கும். என்னால் நகர முடியாது. உன்னை மட்டுமாவது அனுப்பியிருக்கலாம். மலையிலிருந்து வருகிறவள், பஸ் மாறித் தனியாகப் போகத் தெரியாது என்று நானே முடிவு கட்டினேன். "ரெண்டு பேரும் அப்புறமா வர்றோம்" என்று போனில் சொல்லிவிட்டேன். கண்டக்டரிடம் சொல்லவே இல்லை. பிறகு நடவு, நாத்தனார் மகள் கல்யாணம், பிள்ளைக்குப் பரீட்சை. நாம் போய்ச் சேர்ந்தது அடுத்த தையில்தான்.

என் மகளுக்கு வயது சரியாக இருந்தது. எலும்பு பிடித்தது, பல் நேராக இறங்கியது. உன் மகனுக்கோ கோரைப்பல் பிளவுக்குள்ளேயே இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. பிடுங்க வேண்டியதாயிற்று. பிறகு வைத்த எலும்பும் கரைந்துவிட்டது. "போன வருஷமே வந்திருக்கணும்மா" என்று டாக்டர் கடிந்துகொண்டபோது நீ எனக்காகப் பேசினாய்.

"போன் வந்திருந்தா அக்கா சொல்லாம இருப்பாங்களா சார்? வந்திருக்காதுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன மனுஷி நான்!

அதற்குப் பிறகு அவன் பல்லுக்குக் கம்பி போட மாதாமாதம் நீ தனியாகவே போய்வந்தாய், மூன்று பஸ் மாறி. ஒரு தடவையும் வழி தவறவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்டால், "உங்களுக்கு எதுக்குக்கா அலைச்சல்? நானே போய்க்கினு வந்துடறேன்" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கூசும் எனக்கு.

மறுபடி எலும்பு வைத்துக் கட்டுப்பல் பொருத்திப் பார்க்கலாம், அடுத்த திங்கள் வரட்டும் என்றாள் இன்று பேசிய பெண். இப்போது உங்கள் ஊருக்கு டவர் வந்துவிட்டது. வரப்பை விட்டு எழுந்திருக்காமலே உன் மகனைக் கூப்பிட்டுத் தேதியைச் சொன்னேன். அந்தத் தை மாதத்துப் போனைப் பற்றியும் சொன்னேன்.

"இத அம்மாகிட்ட சொன்னீங்களா பெரிம்மா?"

"இல்லடா."

"சரி. திங்கக்கிழமை நானே போய்க்கறேன்" என்று வைத்துவிட்டான்.

உன் பெயரைச் சொல்லி இனியும் போன் வராமலிருக்க வேறு நம்பர் வாங்கித் தருகிறேன் என்கிறாள் மகள். வேண்டாம் என்றுவிட்டேன். போன் வந்திருக்காது என்று டாக்டரிடம் எனக்காக நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. உன்னிடம் சொல்ல எத்தனையோ பஸ் பயணம் கிடைத்தது, சொல்லவில்லை.

போன் வந்தது, தங்கச்சி.