மூன்றாவது கம்பம்

மர்பி டவுன், பெங்களூர்
11-9-1961

அன்பு மகள் பாமாவுக்கு நைனா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஜாம்ஷெட்பூரில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் இனிமேல் கோல் இல்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ பதறிப்போவாய், எழுதவேண்டாம் என்று அவள்தான் என்னைத் தடுத்து வைத்திருந்தாள்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அண்ணி சரசுவுக்கு இப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறந்தால் இருக்கிற ஒரே கூடத்தில் எல்லோரும் எப்படிப் படுப்பது என்று உன் அண்ணன் முனிராஜ் ஆடி மாதம் வீட்டுக்குப் பின்பக்கம் சாய்ப்பு இறக்கத் தொடங்கினான். நம் வீட்டில் சுவர் வெறும் மறைப்புத்தான், ஓட்டின் பாரம் முழுவதும் கம்பங்களின் மேல் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கம்பங்களில் குறுக்கே ஒரு சட்டம் அடித்து, அதிலிருந்து தகரத்தைச் சரித்து, வெளியே நாலு குட்டைக் கம்பத்தில் நிறுத்துவது அவன் யோசனை. அப்படிச் செய்தால் சாய்ப்பின் பாரத்தில் பாதி பழைய கம்பத்துக்கு வந்துவிடும், சட்டத்தை ஆணியில் தொங்கவிடாதே, போல்ட் போடு, பழைய கம்பத்தை ஒட்டிப் புதுக் கம்பம் நட்டு அதன்மேல் உட்கார வை, சரிவையும் கூட்டு என்று நான் சொன்னேன். உதவிக்கு அவன் பாக்டரியில் கூட வேலை செய்யும் அலெக்சாண்டர் வந்திருந்தான். அவன் எதிரிலேயே முனிராஜ், “நைனா, நீ மிலிட்டரிக்காரனுக்குக் கொட்டகை போட்ட காலம் போயிடுச்சி. கம்முனு குந்து, நாங்க பாத்துக்கறோம்” என்றான். அலெக்சாண்டர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நீயும் அந்த வாரம்தான் எழுதியிருந்தாய், “உனக்கு வயசாச்சி நைனா, அண்ணன் போக்குல விட்டுடு” என்று. சரசு அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். நான் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாய்ப்பு முடிந்த மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. சரிவு போதாமல் தகரத்தின் மேல் தண்ணீர் நின்றது. இரண்டாம் நாள் மத்தியானம் விறகு நனைகிறதே என்று அம்மா சாய்ப்புக்குள் போனாள். பழைய கம்பங்களில் மூன்றாவது அடியோடு முறிந்து, சட்டமும் தகரமும் வீட்டு ஓடும் சேர்ந்து அவள் மேல் விழுந்தன. நானும் சரசுவும்தான் சட்டத்தைத் தூக்கி அவளை இழுத்தோம். வயிற்றுப் பிள்ளைக்காரி அவ்வளவு பாரத்தைத் தூக்கினாள், தெய்வம் காத்தது. அம்மா அழவில்லை, விறகை உள்ளே போடச் சொன்னாள்.

முனிராஜ் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, “என்னாலதாம்மா, எல்லாம் என்னாலதான்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். அம்மா அவனிடம், மழைக்கு நீ என்னடா பண்ணுவே என்கிறாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து, பெரியவர் அப்பவே சொன்னார், பையன் கேட்கவில்லை என்கிறார்கள். உன் அம்மாவே நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொன்னதைக் கேட்டிருக்கணும்” என்றாள்.

பாமா, நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சித்திரையில் அந்த மூன்றாவது கம்பத்தின் அடியில் உளியை வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் இறங்கிற்று. உள்ளே முழுக்கக் கரையான். அப்புறம் மாற்றலாம் என்று மேலே தார் பூசி மூடி வைத்தது நான்தான். முனிராஜ் சட்டம் அடிக்கும்போது அதே கம்பத்தைத் தட்டிப் பார்த்து, “கல்லு மாதிரி இருக்குதுடா” என்று அலெக்சாண்டரிடம் சொன்னான். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என்னை வந்து கேட்கட்டும் என்றிருந்தேன். ஆணி இறங்கிய ஒவ்வொரு அடியையும் கேட்டுக்கொண்டிருந்தேன். தகரம் கொஞ்சம் சாய்ந்தால் அவன் திமிர் அடங்கும் என்றுகூட நினைத்தேன். கீழே ஆள் இருக்கும்போது விழும் என்று நினைக்கவில்லை. நினைத்துப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும், நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இதுவரை யாருக்கும் தெரியாது. பத்து நாளாக வாய் வரைக்கும் வருகிறது, முனிராஜ் முகத்தைப் பார்த்தால் உள்ளே போய்விடுகிறது. அவன் என்னை மன்னிக்கமாட்டான், மன்னிக்கவும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு, அன்று சொல்லிவிடுவேன். இதை உனக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டால் பிறகு நான் பின்வாங்க வழி இருக்காது, அதற்காகத்தான் முதலில் உனக்கு எழுதினேன். எனக்குப் பரிந்து அண்ணனுக்கு ஒரு வரியும் எழுதாதே.

குழந்தைக்கு என் முத்தம். அங்கே பனி தொடங்கும் முன் அவளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கிவிடு. மாப்பிள்ளைக்கும் உனக்கும் என் ஆசீர்வாதம், நூறு வருஷம் ஒற்றுமையாக இருங்கள். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, மறக்காதே, சரசு படித்துக் காட்டுவாள். கம்பத்தைப் பற்றி அதில் எழுதிவிடாதே. அவளிடம் நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு
உன் நைனா
சின்னப்பா