சவுரிமுத்துவின் கைப்பக்குவம்

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
9-12-1990, ஞாயிறு

அன்புள்ள சகோதரி அம்மணி அவர்களுக்கு,

முன்பின் தெரியாத மெட்டில்டா எழுதிக்கொள்வது. ஆண்டவர் உங்களையும் உங்கள் வீட்டையும் காப்பாராக.

நான் இங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். என் வீட்டுக்காரர் ஏசுதாசன், குவைத்தில் ஒரு கொரியாக்காரர் கம்பெனியில் வெல்டராக இருந்தவர். உங்கள் வீட்டுக்காரர் சவுரிமுத்து அண்ணனும் இவரும் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தார்கள். அண்ணன் கம்பெனி மெஸ்ஸில் சமையல்காரர் என்று இவர் கடிதங்களில் எழுதியிருக்கிறார். உங்கள் திண்டுக்கல் விலாசம் இவருடைய பையில் இருந்த ஒரு ஏர்மெயில் உறையில் கிடைத்தது. அது நீங்கள் அண்ணனுக்கு எழுதியது. சத்தியமாகச் சொல்கிறேன், உள்ளே இருப்பதை நான் படிக்கவில்லை. அது இவர் பைக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன். உறையை வாங்கி மறுபடி பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் சண்டை வந்த பிறகு இரண்டு மாதம் இவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்டோபர் நாலாம் தேதி பம்பாய் ரயிலில் வந்து இறங்கினார். நானும் என் மகள் லில்லியும் சென்ட்ரலுக்குப் போயிருந்தோம். எங்களைப் பார்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அலைச்சலில் இப்படி இருக்கிறார், நாலு நாள் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சகோதரி, என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் கால் வைக்காதவர். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. வந்த ஐந்தாம் நாள் காலை ஐந்து மணிக்கு உள்ளே வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால், ஸ்டவ் எரிகிறது. பெரிய பாத்திரத்தில் வெள்ளையாக ஏதோ கொதிக்கிறது. பால் என்றுதான் நினைத்தேன். ஆனால் பயற்றின் பச்சை வாடை. சோயா. முதல் நாள் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி ஊறப்போட்டு, அம்மியில் அரைத்திருக்கிறார். இவர் அரைத்த சத்தம் எனக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று என்று இன்னும் தெரியவில்லை.

அதைத் திரித்துக் கட்டியாக்கி டோஃபு என்ற ஒன்றைச் செய்கிறார். கொரியாக்காரர்கள் தூபு என்பார்களாம். பார்க்கப் பால்கட்டி மாதிரி இருக்கும், ஆனால் பசும்பால் ஒரு சொட்டும் இல்லை. அதைத் திரிப்பதற்காகக் கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஈரக் கல்லுப்பு ஒரு மூட்டை வாங்கி வந்தார். பின்பக்கம் அதைக் கட்டித் தொங்கவிட்டு அடியில் ஒரு சட்டி வைத்திருக்கிறார். இந்த மழைக் காற்றுக்கு மூட்டையிலிருந்து கசப்புத் தண்ணீர் இரவு பகல் சொட்டுகிறது. அந்தத் தண்ணீர்தான் பாலைத் திரிக்கிறது. தண்ணீர் சொட்டும் சத்தத்தில் நான் தூங்கப் பழகிவிட்டேன்.

வாரம் ஆறு நாள் இது நடக்கிறது. ஒருநாள் பாத்திரம் கழுவ வரும் முனியம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னா டீச்சரம்மா, உன் வூட்டுக்காரரு லெஃப்ட் கையால கலக்கிகினு கீறாரு? குவைத்துக்குப் போறதுக்கு மின்ன சோத்துக் கைதானே?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். கரண்டி, கத்தி எல்லாம் இடது கையில். கையெழுத்துப் போடுவது மட்டும் வலது கையில்.

திரிந்ததை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டுவார். நான்கு முனையையும் ஒவ்வொன்றாக மடித்து மூடுவார். மூடிய பிறகு அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் நான் பேசினால் காதில் விழாது.

என்னை இவர் மெட்டி என்றுதான் கூப்பிடுவார். இப்போது காலை வேளையில், "அம்மணி, அந்தத் தட்டை எடு" என்கிறார். முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இங்கே யாரும் மனைவியை அப்படிக் கூப்பிடுவதில்லை. பிறகு அந்த உறையில் உங்கள் பெயரைப் பார்த்தேன். வெயில் ஏறியதும் இவர் பழையபடி அமைதியாகிவிடுகிறார். காலையில் பேசியதைக் கேட்டால் முழிக்கிறார்.

லில்லிக்கு ஒன்பது வயது. முன்பு அப்பா என்றால் பயந்து ஒதுங்குவாள். இப்போது மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்த டோஃபுவை அவளுக்கு ஊட்டிவிடுகிறார். "முன்ன இருந்த அப்பாவை விட இந்த அப்பா நல்லாருக்காரும்மா" என்கிறாள். அதைக் கேட்டு நான் சிரிக்கவும் முடியவில்லை, அவளை அடக்கவும் முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, கரண்டியைக் கீழே வைக்காமலே, "கெணத்தடியில வச்ச முருங்கை துளிர்த்துச்சா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் கிணறும் இல்லை, முருங்கையும் இல்லை.

அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அண்ணன் இடது கைக்காரரா? உங்கள் வீட்டுக் கிணற்றடியில் முருங்கை உண்டா? அண்ணன் ஊர் வந்து சேர்ந்துவிட்டாரா? மற்றதற்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவர் வந்துவிட்டார், நலமாக இருக்கிறார் என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த ஒரு வரிக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறேன்.

அன்புடன்,
மெட்டில்டா ஏசுதாசன்


சேலையூர்
20-1-1991, ஞாயிறு

என் அன்புச் சகோதரி அம்மணிக்கு,

உங்களைத் தேற்ற எனக்குத் தகுதி இல்லை. தேற்றுகிற ஆண்டவர் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் கடிதம் பொங்கல் கழிந்து, போன வியாழக்கிழமை வந்தது. "அவர் வரவில்லை. எதையும் மறைக்காதீர்கள், தெரிந்ததை அப்படியே எழுதுங்கள்" என்று கேட்டிருந்தீர்கள். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் உங்கள் கடிதத்தை இவர் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். ரேடியோவில் பாக்தாத் மேல் குண்டு விழும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டு வாசித்தேன். அண்ணன் இடது கைக்காரர் என்று நீங்கள் எழுதிய வரி வரைக்கும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று பெருங்குரலெடுத்து அழுதார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னார்.

இருவரும் சேர்ந்துதான் கிளம்பியிருக்கிறார்கள். ஜோர்டான் எல்லைக்குப் பக்கத்தில் பாலைவனத்தில் கூடாரம் போட்டு வைத்திருந்தார்களாம். ஆயிரக்கணக்கான ஜனம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இரண்டாம் நாளே அண்ணனுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. ஊருக்குப் போய் டோஃபு போட்டு விற்கவேண்டும், கறி வாங்க முடியாத வீடுகளுக்கெல்லாம் கொடுக்கவேண்டும் என்று அண்ணனுக்கு ஆசையாம். உங்களுக்கும் தெரிந்திருக்கும். படுத்தபடியே அதன் செய்முறையை இவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அங்கே பயறு இல்லை, அடுப்பு இல்லை, தண்ணீரும் இல்லை. வாயாலேயே ஊறவைத்து, வாயாலேயே அரைத்து, காய்ச்சி, வடிகட்டி. இவர் ஒரு இடத்தில் தப்பினாலும், "ஊறப்போடுறதுலருந்து திரும்பச் சொல்லுடா ஏசு" என்பாராம்.

எட்டாம் நாள் இவர் ஒரு தப்பும் இல்லாமல் சொல்லி முடித்தார். "அம்மணிகிட்டப் போய்ச் சொல்லிடு. இது அவ கையில இருந்தாப் போதும், பொழைச்சுக்குவா" என்றாராம் அண்ணன். அன்று மதியம் உயிர் போய்விட்டது. செப்டம்பர் பதினாறு. இவரும் இரண்டு மலையாளிகளும் வெள்ளைப் போர்வையில் சுற்றி, ஜெபம் சொல்லி, அடக்கம் செய்து, மேலே கல் அடுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் இத்தனை நாள் ஒளிந்திருக்கிறார். மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் விருப்பம்.

முருங்கையைப் பற்றி நீங்கள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். தபால் நின்றுபோன பிறகு, ஆகஸ்ட் கடைசியில்தான் அந்தப் போத்துக் கிளையை நட்டீர்கள், ஒருவருக்கும் எழுதவில்லை என்கிறீர்கள். இவரிடம் கேட்டேன். "எந்த முருங்கை?" என்கிறார். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சமையலறை இருட்டாக இருந்தது. இவர் எட்டு மணி வரை தூங்கினார். லில்லி டோஃபு கேட்டாளே என்று எழுந்து போய், வலது கையில் தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு, "மெட்டி, இந்த ஸ்டவ்வை எப்படிப் பத்தவைக்கிறது?" என்றார். என் புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன். லில்லி மட்டும், "அந்த அப்பா எப்ப வருவாரு?" என்று அழுதாள். பாவமோ என்னவோ, இரண்டு நாள் நானும் ஐந்து மணிக்கு விழித்துக் காது கொடுத்துப் படுத்திருந்தேன்.

இவருக்கு இப்போது செய்முறையில் ஒரு வரியும் ஞாபகம் இல்லை. மூன்று மாதம் பக்கத்தில் நின்று பார்த்ததால் எனக்குத் தெரியும். உங்களுக்குச் சேரவேண்டியதை எழுதுகிறேன். முதல்முறை செய்பவருக்கும் கைகூடும்.

இரண்டு ஆழாக்கு சோயாவை மாலையில் ஊறப்போடுங்கள். காலையில் பயறை இரண்டாகப் பிளந்தால் உள்ளே நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருக்கவேண்டும். தேய்த்துத் தோலைப் போக்கி, தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரையுங்கள். பத்து ஆழாக்கு தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுங்கள். நுரை சட்டென்று பொங்கி வரும், அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்கக்கூடக் கூடாது. தணலைக் குறைத்து, பச்சை வாடை போகும் வரை கால் மணி நேரம் கிளறுங்கள். வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையை எறிய வேண்டாம், வெங்காயம் மிளகாய் போட்டுத் தாளித்தால் புட்டு மாதிரி இருக்கும்.

பாலை மறுபடி சுட வைத்து இறக்குங்கள். கசப்புத் தண்ணீர் இரண்டு மூன்று கரண்டியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து மூன்று தவணையாக விடுங்கள். அது கிடைக்காவிட்டால் இரண்டு எலுமிச்சம்பழச் சாறு போதும். ஒருமுறை மெதுவாகக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் கலக்கினால் கட்டியாகாது. மூடி வைத்துப் பத்து நிமிஷம் பொறுங்கள். மஞ்சளாகத் தண்ணீர் தெளிந்து, வெள்ளை மேகம் மாதிரி திரண்டு நிற்கும். ஓட்டைத் தட்டில் துணி விரித்து ஊற்றி, மூடி, மேலே குழவியை வையுங்கள். அரை மணியில் இறுகிவிடும். குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்து வெட்டுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு வறுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். உப்பு, மஞ்சள், மிளகாய் முன்பே தடவினால்தான் உள்ளே இறங்கும். புளிக்குழம்பிலும் போடலாம்.

சொல்லிவிட்டேன். இத்தோடு என் பொறுப்பு முடிந்தது என்று மனசு சொல்லவில்லை. தவக்காலத்துக்கு முன்னால் நாங்கள் மூவரும் வந்து உங்களைப் பார்க்க ஆசை. வரலாமா என்று எழுதுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே விடியற்காலைச் சமையலறைச் சத்தம் நின்ற நாளிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். எந்த வேலையும் மிச்சமில்லாத இடத்தில் ஒருவர் எதற்காகத் தங்குவார்? இந்தக் கடிதம் வந்த அன்றே பயறை ஊறப்போட்டு வையுங்கள். விடியும்போது சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், உடனே விளக்கைப் போட்டுவிடவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தக் கை ஒரு குழந்தைக்கு ஊட்டியதே தவிர ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. அது இத்தனை தூரம் வந்ததே உங்களைத் தேடித்தான். தங்கையாக நினைத்து இதை மட்டும் செய்யுங்கள், அக்கா: அன்று இரவு பின்கதவைத் தாழ் போடாமல் படுங்கள்.

உங்கள்
மெட்டில்டா