மரத்தைப் பிடிக்க ஓர் ஆள்

அன்பு மகனுக்கு,

சிறையில் இந்தக் கடிதத்தை முதலில் வேறு யாரோ பிரித்துப் படிப்பார்கள். அதனால் மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நீ முதலில் கேட்டதும் அதைத்தானே. "ஆலமரம் எப்படிப்பா இருக்கு? சித்திரை பொறக்கிறதுக்குள்ள சட்டி மாத்தணும்ப்பா." கொழும்பில் செடிக்கடையில் வேலை பார்த்தபோது தீபாவளிக்கு நீ கொண்டுவந்த போன்சாய் அது. அடுத்த மாதமே உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

நேற்று மாற்றினேன். வேரெல்லாம் சுருண்டு, சட்டியின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தது. மூன்றில் ஒரு பங்கை வெட்டச் சொல்லியிருந்தாய். தோட்டத்தில் காலமெல்லாம் கவ்வாத்து வெட்டியவன் நான். தேயிலைச் செடியை யோசிக்காமல் மொட்டைக் கட்டையாக வெட்டியவன், நேற்று ஒவ்வொரு வேராக எண்ணி எண்ணி வெட்டினேன். செடி மூச்சு விடட்டும் என்று கவ்வாத்தில் ஒரு கிளையை விட்டுவைப்போம். அந்தப் பழக்கத்தில் ஒரு நீள வேரை வெட்டாமல் விட்டேன். தப்பென்றால் வந்து திட்டு.

இங்கே ஒரு குறையும் இல்லை. லயத்து வீடுகளில் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள்.

ஒன்றுதான். மரத்தை நிமிர்த்திப் பிடிக்க ஓர் ஆளும் மண் போட ஓர் ஆளும் வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் காம்பராவின் வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளே ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

முழங்கால்களுக்கு நடுவில் மரத்தை இடுக்கிக்கொண்டு நானே மண் போட்டேன். கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. மண்ணை இன்னும் இறுக்கவில்லை. நீ வந்து பிடித்தால் நிமிர்த்திவிடலாம்.

தண்ணீர் ஊற்ற எழுந்து போகும்
அப்பா