திருநாள் கஞ்சிக்கு உப்புப் பார்த்தது

சேசு மரி சூசை

திருத்தணி
18-8-1943

அன்பு மகள் லூர்தம்மாளுக்கு அம்மா எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நாங்கள் இருவரும் சௌக்கியம், அங்கே உன் உடம்போடு மனசும் சௌக்கியமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். ஆடிக் கிருத்திகைக்கு வந்த காவடிக் கூட்டத்தை ரயிலில் ஏற்றி இறக்கி, ஸ்டேஷனில் கத்திக் கத்தி உன் நைனாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இப்போதுதான் பேச்சு வந்தது, வந்ததும் முதல் பேச்சாகக் குழம்பில் புளி அதிகம் என்றார். அரிசி கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் கடிதம் கண்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்த நாள் முதல் சமையலறையிலேயே போட்டுவிட்டார்கள், வெங்காயம் உரித்தே பொழுது போகிறது, கோவிலில் உட்கார்ந்து மனசாரச் செபிக்க நேரமில்லை, இதற்கா வந்தேன், கிறிஸ்துமசுக்குள் திரும்பி வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். நைனா படித்துவிட்டு, வந்தா வரட்டும்மே, நம்ம பொண்ணுக்கு ஒரு வாய் சோறு இல்லாமயா பூடும் என்றார். எனக்குத்தான் அப்படி விட மனசு வரவில்லை. பரலோக மாதா திருநாள் பூசையில் வாங்கும் நன்மையை, அந்தத் தேவ நற்கருணையை, உனக்காக ஒப்புக்கொடுத்து, என் பிள்ளைக்கு நல்ல வழி காட்டம்மா என்று கேட்பதாக நேர்ந்துகொண்டேன்.

இனி என் கூத்தைக் கேள். திருநாளன்று பூசை வைக்க அரக்கோணத்திலிருந்து வரவேண்டிய சாமியாரைக் காணோம், பட்டாள ரயிலுக்கு வழிவிட்டு அவருடைய ரயிலை நிறுத்திவிட்டார்களாம். கே.ஜி.கண்டிகையிலிருந்து நடந்து வந்தவர்களெல்லாம் கொட்டகைக் கோவிலில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். நன்மை வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாதே, வெயில் வேறு. பூசை முடிந்ததும் எல்லோருக்கும் ஊற்ற நான் பின்னால் நொய்க்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். சாமியார் வந்துட்டாரு என்று யாரோ சத்தம் போட்டார்கள். அந்த அவசரத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்து, உப்பு சரிதான் என்று தலையும் ஆட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. துப்பி என்ன பிரயோசனம், தொண்டையில் இறங்கிவிட்டது. இத்தனை வருஷம் பழகின கை, திருநாளென்று பார்க்குமா?

எல்லோரும் நன்மை வாங்கப் போனார்கள், நான் மட்டும் இருந்த இடத்திலேயே முழங்காலில் இருந்தேன். என்ன பாவம் செய்தாளோ என்று நாலு பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போனதுகூடப் பெரிதில்லை, உனக்கென்று நேர்ந்ததை நானே கெடுத்துக்கொண்டேனே என்றுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூசை முடிந்ததும் வேறு வழியில்லாமல் போய்க் கரண்டியை எடுத்தேன். மாதாவே, இன்றைக்கு என் கையில் இதுதான் இருக்கிறது, என் பெண்ணுக்காக இதை வாங்கிக்கொள் என்று சொல்லிச் சொல்லி ஊற்றினேன். கண்டிகை ரஞ்சிதம் முழுகாமல் இருக்கிறாள், வெறும் வயிற்றோடு நடந்து வந்து கண் இருட்டிச் சாய்ந்துகிடந்தாள். ஒரு வாய் குடித்ததும், யக்கா, இப்பத்தான் உசுரே வந்துகினு கீது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். லூர்து, அப்போது என் நெஞ்சு குளிர்ந்ததே, நன்மை வாங்கிய நாளில்கூட அப்படிக் குளிர்ந்ததில்லை. இப்படி நினைப்பது பாவமா என்று சாமியாரிடமே கேட்டுவிட்டேன். அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார்.

ஆகையால் உனக்காக நான் ஒப்புக்கொடுத்தது கஞ்சிதான், குறைவென்று நினைக்காதே. நீயும் அந்த வெங்காயத்தை யாருக்காவது ஒப்புக்கொடுத்து உரித்துப் பார், எனக்காக என்றாலும் சரி. பெங்களூர்க் குளிருக்குத் தலையில் எண்ணெய் வைக்காமல் இருக்காதே. பூசைக்கு முன்னால் உப்பு மட்டும் பார்க்காதே. இத்தனைக்குப் பிறகும் வரத் தோன்றினால் தாராளமாக வா, நைனா ஸ்டேஷனிலேயே நிற்பார், நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆனால் அடுப்புக்குப் பயந்து வராதே மகளே, இங்கேயும் அடுப்புதான். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன்னை ஆசீர்வதிக்கும் தாயார்,
ஞானம்மாள்