உமது பெயரிலேயே இருக்கட்டும்

தொடங்கும் கருமம் யாவினுக்கும் முன்னிற்கும் ஆனைமுகப் பெருமான் காப்பாகுக. அடியேன் சொல்லிற் குற்றம் சேராது அம்மையப்பர் அருள்க.

அன்பு நண்பரே,

விசைப்பலகையின் இடுக்குகளில் உமது திருநீறு இன்னும் இருக்கிறது. கொக்குவிலில் உமது மேசை முன் அமர்ந்து விசைகளைத் தொட்டபோது விரல்நுனி வெளுத்தது. கீரிமலைக் கடலில் உமது அஸ்தி கரைந்ததைக் கண்ட கண்களால் இதனையும் காண நேர்ந்தது.

மாரியின் ஈரத்தில் உமது பழைய கணினி பழுதாயிற்று. வட்டு மாத்திரம் பிழைத்துக்கொண்டது. அதனுள்ளேதான் கோயிலில் படிக்கும் புராணம் முழுவதற்கும் நீர் எழுதி முடித்த பயன், செய்யுள்தோறும் சொல்லும் பொருளுரை, இருந்தது. நான் செய்யுளைப் பாட, நீர் அருகிருந்து பயன் சொல்லி வந்தீர். இவ்வாண்டு பயன் சொல்ல ஒருவருமில்லை, ஒலிப்பதிவொன்றைப் போட்டுவிடலாம் என்றனர் கோயிற் சபையார். நண்பர் எழுதிய பயனை நானே வாசிப்பேன் என்று வாக்களித்துவிட்டேன். நான் உமது மேசை முன் அமர்ந்ததற்கு மறுநாளே புராணப் படிப்புத் தொடக்கம்.

புதிய கணினியொன்றை வாங்கிவந்து, உமது வழியிலேயே லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். வீட்டுக்குரியவர் முதலில், வந்தவன் பின்னர் என்னும் முறைப்படி முதற் கணக்கை உமது பெயரிலும் அடுத்ததை என் பெயரிலும் அமைத்தேன். உமது பெயரால் உள்நுழைய மனம் ஒப்பவில்லை. ஆதலால் பழைய வட்டிலிருந்த உமது கோப்புகள் அனைத்தையும் இருந்தபடியே என் கோப்புறைக்குள் படியெடுத்தேன். கண்ணுக்குத் தோன்றாத அமைப்புக் கோப்புகளையும் விட்டேனல்லேன். “காப்பிலை துவங்கி வாழ்த்து வரைக்கும் ஒரு பாட்டும் விடப்படாது” என்பது நீர் எனக்கிட்ட நியதியன்றோ.

கணினியை மீளத் தொடக்கினேன். என் பெயரும் கடவுச்சொற் பெட்டியும் தோன்றின. கடவுச்சொல்லை இட்டேன். திரை ஒருகணம் இருண்டது. மீண்டும் அதே பெயர், அதே வெற்றுப் பெட்டி. எத்தனை முறை இட்டாலும் வாயில்வரை அழைத்துத் திருப்பி அனுப்பிற்று.

தேநீரோடு வந்த உமது மனைவியார் சற்றுநேரம் பார்த்து நின்றார். “அவர் இருக்கேக்கை உந்தப் பெட்டியோடை கதைச்சதிலை அரைவாசி என்னோடை கதைக்கேல்லை, அண்ணை. இப்ப உங்களையும் வாசலிலை நிப்பாட்டி வைச்சிருக்குது” என்றார்.

முன்னொருகால் வட்டுக்கோட்டையில் என் வீட்டுக் கணினியும் இவ்வாறே செய்தது. சைக்கிளில் வந்திறங்கிய நீர், வியர்வையைத் துடைக்குமுன்னரே சொன்னீர்: “கடவுச்சொல் பிழையெண்டால் அது பிழையெண்டு சொல்லும். ஒண்டும் சொல்லாமல் திருப்பி விட்டால் காரணம் உள்ளுக்கை கிடக்கு.” பின்பு சில விசைகளை ஒருங்கே அழுத்தி, எழுத்து மாத்திரம் தோன்றும் கருந்திரைக்குச் சென்றீர். “இவ்வளவு நேரமும் பார்த்தது சாத்துப்படி. இதுதான் மூலஸ்தானம்” என்றீர். அன்று கண்ட காரணம் எளியது. “வட்டிலை இடமில்லை, ஐயா. பசனைப் பாட்டெல்லாம் நிரப்பி வைச்சிருக்கிறீர். பெருமான் வந்தாலும் நிக்க இடமில்லை.”

நீர் காட்டிய அவ்விசைகளையே நானும் அழுத்தினேன். கருந்திரை என் கடவுச்சொல்லைத் தடையின்றி ஏற்றது. வட்டிலும் இடம் நிறைய இருந்தது. பின்னர்க் கோப்புகளை அவற்றின் உரியவர் பெயரோடு காட்டுமாறு பணித்தேன். வரிதோறும் உமது பெயர் நின்றது.

காரணம் அப்பொழுது விளங்கிற்று. ஒன்றும் விடலாகாதென்று நான் இருந்தபடியே கொண்டுவந்த மறைந்த கோப்புகள், என்னுடையவற்றின் இடத்தில் உமது உடைமையாகவே அமர்ந்திருந்தன. ஒருவன் உள்நுழையுங்கால் அவற்றிற் சிலவற்றில் கணினி எழுதியாக வேண்டும். என் பெயரால் அவற்றில் எழுத உரிமையில்லை. ஆகவே என்னை வெளியேற்றிற்று.

செய்யவேண்டியது ஒரே கட்டளை. அவற்றை என் பெயருக்கு மாற்றுவது. அதனைத் தட்டியபின்பும் நிறைவேற்றும் விசையை அழுத்தாது இருந்தேன். உமது மனைவியார் என்னவென்று வினவ, உள்ளதைக் கூறினேன்.

“மாத்துங்கோ, அண்ணை. காணி உறுதிப் பத்திரத்திலையே பேர் மாத்தியாச்சு. உதிலை என்ன கிடக்கு” என்று சொல்லி, வெற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுக்களையில் நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறைந்திருந்தவற்றை மாத்திரம் மாற்றினேன். பயன் இருந்த கோப்புறையைத் தொடவில்லை. மறுமுறை கடவுச்சொல்லை இட்டபோது திரை இருண்டு, பின் விரிந்தது. உள்ளே சென்றேன், மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

படிப்பு வழுவாது நடந்தது. செய்யுளைப் பாடினேன், உமது பயனை என் குரலில் வாசித்தேன். நாம் ஆண்டுதோறும் வாதிட்டு முடிவு காணாத அந்தப் பாட்டும் வந்தது. நீர் உமது பொருளையே எழுதியிருந்தீர். அதற்கு உடன்படாத நான், எழுத்தொன்றும் குறையாமல் அதனைச் சபையிற் சொன்னேன். அடுத்த செய்யுளைப் பாடி நிறுத்தியதும் பழக்கத்தால் வலப்பக்கம் திரும்பினேன். தூணும் அதன் நிழலுமே இருந்தன.

மீண்டும் உமது மேசைக்கு வந்து அக்கோப்பைத் திறந்து, அந்தப் பாட்டின்கீழ் என் கருத்தையும் ஒரு வரி சேர்க்க முயன்றேன். எனக்கு அதில் எழுத அனுமதியில்லை என்றது கணினி. அவ்வனுமதியை நானே எனக்கு வழங்கிக்கொள்ளும் வழி அறிவேன். வழங்கேன். வாசிக்கலாம், திருத்தலாகாது, உம்மிடமிருந்து எனக்கு எஞ்சியது அவ்வளவே. அது உமது பெயரிலேயே இருக்கட்டும்.

இம்மடலை வாசிப்போரும் அவர்தம் மனையில் உள்ளோரும் நோயின்றி நெடிது வாழ்க. அவர்கள் சொல்லும் சொல்லுக்கு மறுசொல் உரைக்க அருகில் ஒருவர் என்றும் இருக்குமாறு எம்பெருமான் திருவருள் புரிக.